அடைக்கலம் வைத்த சொல்

இரகசியம் என்றாலே நமக்கு ஒரு சந்தேகம். மூடிய கதவுக்குப் பின்னால் நல்ல காரியம் நடக்கும் என்று யாரும் எளிதில் நம்புவதில்லை. "ஒளிக்க என்ன இருக்கிறது? நாலு பேர் முன்னிலையில் சொல்லட்டுமே!" என்பதுதான் நம் ஊர் நியாயம். நாலு பேருக்குத் தெரிய நடந்தால் நேர்மை. தெரியாமல் நடந்தால் சூழ்ச்சி. இப்படியே நாம் வளர்ந்திருக்கிறோம்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த விஷயத்தில் பாரபட்சம் இன்னும் கொஞ்சம் அதிகம். பிறர் வீட்டு மூடிய கதவைத் திறந்து பார்த்து, உள்ளே நடப்பதை ஊருக்குச் சொல்வதே அவன் பிழைப்பு. ஆகவே, "இந்த அறைக்குள் பேசியது எதுவும் வெளியே போகக் கூடாது" என்ற நிபந்தனையின் பேரில் நியாயம் தேடுகிற இடம் ஒன்று நம் கோர்ட்டுகளிலேயே இருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு முதலில் சந்தேகமும், அடுத்தபடியாக ஆசையும் உண்டாயின. அத்தனை கதைகள் பூட்டிக் கிடக்கின்றனவே என்ற ஆசை!

அந்த இடத்துக்குச் சமரச மையம் என்று பெயர். வழக்குப் போட்டவரையும் போடப்பட்டவரையும் நீதிபதியின் முன்னால் நிறுத்துவதற்குப் பதிலாக, ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, நடுவில் ஒரு மத்தியஸ்தரையும் உட்கார வைத்து, பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இப்படி அனுப்பி வைக்க வகை செய்யும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு 2002 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. 2005 ஏப்ரல் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாட்டுச் சமரச மையம் தொடங்கப்பட்டது. கோர்ட்டோடு இணைந்த இத்தகைய மையங்களில் இந்தியாவிலேயே அது முதலாவது என்பது நாம் பெருமைப்படத் தக்க செய்தி.

எனக்குத் தெரிந்த வக்கீல் நண்பர் ஒருவர் இப்போது மத்தியஸ்தராகவும் உட்காருகிறார். அவரிடம் ஒரு நாள், "ஊர், பேர் எல்லாம் மாற்றிவிடுகிறேன், ஸார். ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "உங்களுக்கு வேண்டியது கதை. என்னிடம் வருகிறவர்களுக்கு வேண்டியது கதை முடிவது. இரண்டுக்கும் ஒத்துவராது, ஸார்" என்றார்.

"பேரை மாற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது?"

"சொன்னவருக்குத் தெரியுமே!" என்றார் அவர்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பதிலைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். உலகத்துக்குத் தெரியாமல் போனாலும், சொன்ன ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அது துரோகம்தான் என்கிறார். அப்படியானால் அந்த அறைக்குள் சொல்லப்படும் சொல் சாதாரணப் பேச்சு அன்று; நம்பி ஒப்படைத்த பொருள். பழைய நாளில் வெளியூர் போகிறவர்கள் தங்கள் நகையையும் பெண்டு பிள்ளைகளையும் ஒரு வீட்டில் அடைக்கலமாக விட்டுப் போவார்கள். அதைப் போல.

அடைக்கலப் பொருளுக்கு ஒரு தர்மம் உண்டு. வைத்திருப்பவன் அதை அனுபவிக்கக் கூடாது, விற்கக் கூடாது, பிறருக்குக் காட்டவும் கூடாது. கேட்கும்போது திருப்பித் தர வேண்டும். ஆனால் சொல் என்பது திருப்பித் தர முடியாத பொருள் அல்லவா? கேட்ட காது கேட்டதுதான். ஆகவேதான் இந்த அடைக்கலம் மற்ற அடைக்கலங்களைவிடக் கடினமாக இருக்கிறது.

இது எதற்காக என்று புரிந்துகொள்ள நண்பரின் கதை கிடைக்காமற் போனாலும், என் சொந்தச் சரக்கு இருக்கிறது. ஓர் அண்ணனையும் தம்பியையும் கற்பனை செய்துகொள்வோம்.

தகப்பனார் விட்டுப் போன வீடு. அறுபது லட்சம் பெறும். அண்ணன் அதில் குடியிருக்கிறார். தம்பி வெளியூரில் உத்தியோகம். "என் பாதிக்கு முப்பது லட்சம் கொடு" என்கிறார் தம்பி. "அப்பாவைக் கடைசி வரையில் பார்த்துக்கொண்டவன் நான். கூரையை மாற்றியவன் நான். பதினைந்துக்கு மேல் காலணா கிடையாது" என்கிறார் அண்ணன். பிராதும் பதில் மனுவும் ஆகிவிட்டன. வக்கீல் நோட்டீஸிலே ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரர் என்றும் எழுதியாகிவிட்டது.

மத்தியஸ்தர் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசுகிறார். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்திக்கிறார். தனிச் சந்திப்பில் தம்பி வாயைத் திறக்கிறார். மகளின் காலேஜுக்குப் பணம் கட்ட வேண்டும். இருபத்திரண்டு கிடைத்தால்கூடப் போதும், ஆனால் சீக்கிரம் வேண்டும். அண்ணனும் திறக்கிறார். பாங்கியில் கடன் வாங்கினால் இருபத்தைந்து வரையில் கொடுக்க முடியும். ஆறு மாதம் அவகாசம் வேண்டும்.

இப்போது அந்த அறையில் ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் வழக்கு முடிந்துவிட்டது என்று தெரியும். அவரோ அதைச் சொல்லக் கூடாதவர்! தம்பியின் இருபத்திரண்டு அண்ணன் காதில் விழுந்தால், அண்ணன் பதினெட்டில் பேச ஆரம்பிப்பார். அண்ணனின் இருபத்தைந்து தம்பி காதில் விழுந்தால், அவர் முப்பதிலிருந்து இறங்கவே மாட்டார். மத்தியஸ்தர் செய்யக் கூடியது ஒன்றுதான். "முன்பணமாக ஒரு தொகையும், மீதிக்குத் தவணையும் என்று பேசிப் பார்க்கலாமா? இதை உங்கள் தம்பியிடம் நான் கேட்கலாமா?" என்று அனுமதி பெற்றுப் பெற்று நகர்கிறார். எந்தச் சொல்லை எடுத்துப் போகலாம், எதை இங்கேயே வைத்துவிட வேண்டும் என்பது சொன்னவரின் உரிமை.

பணத்தைவிடப் பெரிய இரகசியமும் ஒன்று இருக்கும். "அப்பா கடைசி நாளில் அவன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் வரவில்லை" என்று அண்ணன் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்தச் சமயத்தில் தம்பி வேலை போய், ரெயில் செலவுக்குக் கடன் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எந்தப் பிராதில் இதை எழுத முடியும்? எந்தக் கோர்ட்டு இதற்கு நஷ்ட ஈடு கொடுக்கும்? ஆனால் அறுபது லட்ச ரூபாய் வழக்கின் வேர் இதுவாக இருக்கக் கூடும்.

இதையெல்லாம் நீதிபதியிடம் சொன்னால் என்ன? அவரும் நல்லவர்தானே? நல்லவர்தான். ஆனால் அவர் கையில் தீர்ப்பு இருக்கிறது. தம்பி இருபத்திரண்டுக்குச் சம்மதித்தார் என்று தெரிந்த பிறகு முப்பது என்று எழுத எந்த நீதிபதிக்கும் கை கொஞ்சம் தயங்கும். தயங்காவிட்டாலும், தயங்கியிருப்பார் என்று தம்பி நினைப்பார். ஆகவே நீதிபதியின் முன்னால் யாரும் தம் முழுக் கையையும் விரித்துக் காட்ட மாட்டார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லாதவரிடம்தான் மனிதன் முழு உண்மையைச் சொல்லத் துணிகிறான்.

மத்தியஸ்தரின் பலம் அவருடைய பலவீனத்தில் இருக்கிறது. அவரால் யாரையும் ஜெயிக்க வைக்க முடியாது; தோற்கடிக்க முடியாது; கட்டளையிட முடியாது. அதனாலேயே அவரிடம் பேசலாம். அவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதியும், அவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற விதியும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றொன்று செல்லாது.

நம் உச்ச நீதிமன்றம் இதை நன்றாக உணர்ந்து சொல்லியிருக்கிறது. 2010 டிசம்பரில் மோதிராம் என்பவருக்கும் அசோக்குமார் என்பவருக்கும் நடந்த வழக்கில், சமரசம் பலிக்காதபோது, யார் என்ன யோசனை சொன்னார், யார் மறுத்தார் என்றெல்லாம் மத்தியஸ்தரின் அறிக்கையில் விவரம் இருந்தது. அது கூடாது என்றார்கள் நீதிபதிகள். சமரசம் ஏற்பட்டால் ஒப்பந்தத்தை மட்டும் அனுப்ப வேண்டும். ஏற்படாவிட்டால், சமரசம் பலிக்கவில்லை என்று ஒரே வாக்கியம் எழுத வேண்டும். அதற்குமேல் ஓர் எழுத்தும் கூடாது. ஒரு வாக்கியத்தில் முடியும் அறிக்கை! எங்களைப் போன்ற எழுத்தாளர்கள் பொறாமைப்பட வேண்டிய சுருக்கம்.

நம் பழைய முறை இப்படி இருக்கவில்லை. சோழர் குடியில் நலங்கிள்ளி நெடுங்கிள்ளியை முற்றுகையிட்டு நின்றபோது, கோவூர் கிழார் என்ற புலவர் இடையே போய்ப் பேசினார். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று இருவருக்கும் பொதுவாக இடித்துரைத்தார். அவர் சொன்னது புறநானூற்றில் ஏறி, இன்றுவரை எல்லாரும் படிக்கும்படி நிற்கிறது. அவர் ஆயுதம் வெளிச்சம். இரண்டு அரசர்களையும் உலகத்தின் முன்னால் வெட்கப்பட வைப்பதே அவர் கையாண்ட வழி.

ஆலமரத்தடிப் பஞ்சாயத்தும் அப்படித்தான். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் ஒரு நன்மை உண்டென்பதை நான் மறுக்கவில்லை. பலசாலி அத்துமீறினால் பத்துப் பேர் பார்ப்பார்கள். ஆனால் பார்த்த பத்துப் பேரில் எத்தனை பேர் பேசினார்கள்? அந்த மரத்தடியில் நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு வாய் இருந்தது? ஊர் முழுவதும் கேட்கிறது என்பதாலேயே வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? தவிர, பஞ்சாயத்தில் ஒருவன் தன் தவறை ஒப்புக்கொண்டால் அது அவன் பேரன் காலம் வரையில் ஊர்வாயில் ஊறிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் பணிவு கிடைக்கும்; மனமொத்த ராஜி கிடைப்பது அபூர்வம்.

பின்னால் ஆட்கள் நிற்கும்போது தலைவர்களால் இறங்கிவர முடியாது என்பதால்தான், 2019 மார்ச் 8-ஆம் தேதி அயோத்தி வழக்கை உச்ச நீதிமன்றம் மூவர் அடங்கிய மத்தியஸ்தக் குழுவுக்கு அனுப்பியபோது, பேச்சு கண்டிப்பாக இரகசியமாக இருக்க வேண்டும் என்றும், பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதலாகாது என்றும் சொல்லிற்று. ஓய்வு பெற்ற நீதிபதி கலிபுல்லா தலைவர். ஸ்ரீஸ்ரீ ரவிசங்கரும் சென்னை மூத்த வக்கீல் ஸ்ரீராம் பஞ்சுவும் உறுப்பினர்கள். சமரசம் கைகூடவில்லை, ஆகஸ்டு 6 முதல் கோர்ட்டே விசாரித்தது. கைகூடாமற் போனது வேறு விஷயம். நாடே காது கொடுத்து நிற்கும் வழக்குக்குக்கூட மூடிய அறை தேவை என்று கோர்ட்டு கருதியதே கவனிக்கத் தக்கது.

இந்த அறையில் இருக்கிற மற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்தியஸ்தர் மட்டும் இருந்தால் போதுமா? கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களே இந்த நாடகத்தில் முதலாளிகள். முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உண்டு. கோர்ட்டில் வக்கீல் பேச, கட்சிக்காரர் கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பார். இங்கே இடம் மாறுகிறது. கட்சிக்காரர் பேச, வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி இன்னது இழப்பீர்கள், இன்னது பெறுவீர்கள்" என்று விளக்கிச் சொல்ல வேண்டியவர். வாதத் திறமையில் ஊறிய வக்கீல்களுக்கு இந்த வேஷம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்குமாம். பிறகு, துணைக்கு வந்த மாமா, கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர், நிபுணர் என்று சிலர். 2023-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய மத்தியஸ்தச் சட்டம், கட்சிக்காரர்களைத் தவிர இப்படி வந்து கலந்துகொள்கிற எல்லாரையும் ஒரு வகுப்பாகச் சேர்த்து, அவர்கள் வாய்க்கும் பூட்டுப் போடுகிறது. ஒலிப்பதிவும் படப்பதிவும் கூடாது என்கிறது. பையில் இருக்கும் டெலிபோனே பதிவு யந்திரமாகிவிட்ட காலத்தில் இது அவசியமான விதி.

அந்தச் சட்டம் எவையெவை இரகசியம் என்று வரிசைப்படுத்துகிறது. யோசனைகள், வாக்குறுதிகள், ஒப்புதல்கள் என்று போகிற வரிசையில் "மன்னிப்பு" என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் இந்தச் சொல்லைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. மன்னிப்புக் கேட்பது நம்மில் பலருக்கு ஏன் கடினமாக இருக்கிறது? ஆணவம் ஒரு காரணம். மற்றொன்று பயம். "தவறு என்னுடையதுதான்" என்று சொன்ன மறுநாளே அந்த வார்த்தை சாட்சிக் கூண்டில் ஏறி எனக்கு எதிராக நிற்கும் என்ற பயம். ஆகவே மோட்டாரை ஏற்றியவன், அடிபட்டவன் வீட்டுக்குப் போகத் துடித்தாலும், "போகாதே, ஒப்புக்கொண்டதாக ஆகும்" என்று தடுக்கிறார்கள். சட்டம் தன் கண்டிப்பினாலேயே மனிதர்களின் நல்ல குணத்தை அடைத்து வைக்கிறது. அதை உணர்ந்து, இந்த ஓர் அறையிலாவது திறந்துவிடுகிறது.

இதுவரையில் இரகசியத்தின் கட்சியைப் பேசினேன். எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டாமா?

பாரதத்தில் கண்ணன் தூது போன கதை நமக்கெல்லாம் தெரியும். சபையில் பேசியது பலிக்கவில்லை. திரும்பும் வழியில் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு, தனியாகப் பேசினான் கண்ணன். "நீ குந்தியின் மூத்த மகன். வா, ராஜ்யம் உன்னுடையது" என்ற கருத்தில் எடுத்துச் சொன்னான். கர்ணன் மறுத்துவிட்டான். மறுத்ததோடு ஒரு வேண்டுகோளும் விடுத்தான்: "இது தருமனுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவன் ராஜ்யத்தை என்னிடம் கொடுத்துவிடுவான். நானோ அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன்." கண்ணன் அந்த வார்த்தையைக் காப்பாற்றினான். விளைவு? தம்பி அண்ணனைக் கொன்றான். யுத்தம் முடிந்து, இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும்போதுதான் தருமனுக்கு உண்மை தெரிந்தது. இனிப் பெண்களால் இரகசியம் காக்க முடியாமல் போகட்டும் என்று தாய்க்கு எதிரே சபித்தான் என்கிறது கதை.

கண்ணன் செய்தது சரியா? சொல் கர்ணனுடையது, அவன் வேண்டாம் என்றபின் வெளியிடக் கண்ணனுக்கு உரிமை இல்லை என்று ஒரு கட்சி பேசலாம். நானும் ஒரு காலத்தில் அப்படியே வாதாடக் கூடியவன்தான். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கண்ணன் மத்தியஸ்தனாகவா வந்தான்? பாண்டவர் அனுப்பிய தூதனாக வந்தான். அர்ஜுனனுக்குத் தேரோட்டுவதாக வாக்கும் கொடுத்திருந்தான். அவனுடைய மௌனத்தால் பயன் அடைந்தது யார்? உண்மை தெரிந்திருந்தால் அர்ஜுனனின் அம்பு கர்ணன்மீது பாய்ந்திருக்குமா? அடைக்கலப் பொருளைப் பத்திரமாக வைத்திருந்தான் என்பது மெய். அது அவன் கட்சிக்கே ஆதாயமாக இருந்தது என்பதும் மெய். ஒரு தரப்பில் நிற்கிறவனுடைய மௌனம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அதன்மீது ஒரு நிழல் விழத்தான் செய்கிறது.

இக்காலத்துக் கோர்ட்டுகளிலும் இந்தக் கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கடை நிறுவனத்துக்கும் அதன் தொழிலாளர் சங்கத்துக்கும் சர்க்கார் மத்தியஸ்தர் ஒருவரின் முன்னிலையில் பேச்சு நடந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றது சங்கம். முடியவில்லை என்றது கம்பெனி. இருவரில் ஒருவர் சொல்வது தவறு. உண்மை தெரிந்த மூன்றாவது ஆள் மத்தியஸ்தர். அவரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்று கம்பெனி கேட்டது. 1980-இல் அப்பீல் கோர்ட்டு மறுத்துவிட்டது. அவர் சாட்சியம் இந்த வழக்கைத் தீர்த்து வைக்கக் கூடும் என்பதைக் கோர்ட்டு அறியாமல் இல்லை. ஆனால் அவர் எதைச் சொன்னாலும் ஒரு தரப்புக்கு எதிரியாவார். நாளைக்கு வேறொரு தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியும் எந்த முதலாளியும் மத்தியஸ்தரை நம்பிப் பேச மாட்டான். ஒரு வழக்கின் உண்மைக்காக ஆயிரம் வழக்குகளின் நம்பிக்கையைச் செலவழிப்பதா என்று எண்ணினார்கள்.

இங்கிலாந்தில் 2009-இல் வேறு விதமாக முடிந்தது. ஒரு கம்பெனியும் சர்க்காரின் விவசாய இலாகாவும் 2003-இல் மத்தியஸ்தத்தின் மூலம் ராஜி செய்துகொண்டன. பிறகு, நெருக்கடியில் அகப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று கம்பெனியின் தரப்பில் வழக்குப் போட்டார்கள். இங்கே இரு கட்சிக்காரர்களும் இரகசியத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். மத்தியஸ்தரோ வர மறுத்தார். தமக்கு அதிகமாக ஒன்றும் ஞாபகமில்லை என்றும் சொன்னார். அவருக்குப் போன சம்மனை ரத்துச் செய்ய நீதிபதி இணங்கவில்லை. இரகசியத்தைக் காக்கும்படி கேட்க மத்தியஸ்தருக்கும் உரிமை உண்டு. ஆனால் அறையில் நடந்த பலவந்தமே வழக்காக இருக்கும்போது, நீதியின் தேவை அந்த உரிமையைவிடப் பெரிது என்று தீர்ப்பாயிற்று.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது மூன்றாவது வழக்கு. கலிபோர்னியாவில் ஒரு மனிதர், இருபது லட்சம் டாலருக்குக் குறைந்து சம்மதிப்பதில்லை என்று தம் வக்கீல்களோடு முன்னமே பேசி முடிவு செய்துகொண்டு மத்தியஸ்தத்துக்குப் போனார். பதினாலு மணி நேரம் நடந்தது. பன்னிரண்டரை லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். களைத்துப் பசித்திருந்த தம்மைச் சொந்த வக்கீல்களே நெருக்கினார்கள், எழுந்து போக முயன்றபோது திரும்ப வரச் சொன்னார்கள், விசாரணைக்கு முன்பு கைவிட்டுவிடுவதாகப் பயமுறுத்தினார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். அவர் சொன்னது மெய்யா, பொய்யா? யாருக்கும் தெரியாது. தெரியவும் வழியில்லை. மத்தியஸ்தத்துக்காக வக்கீலும் கட்சிக்காரரும் தமக்குள் பேசிக்கொண்டதுகூடச் சட்டப்படி இரகசியம். அதைச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்று 2011-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி தயங்கித் தயங்கித்தான் உடன்பட்டார். பிற்பாடு அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். 2019 ஜனவரி முதல், மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்கும் முன்பே, "உள்ளே பேசியதைக் கொண்டு பிறகு உன் வக்கீல்மீதுகூட நீ வழக்காட முடியாமல் போகலாம்" என்பதை எழுத்தில் கொடுத்துக் கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், பள்ளத்தை மூடவில்லை.

பலவீனனுக்காகக் கட்டிய அடைக்கல வீட்டில் பலசாலி புகுந்து ஒளிந்துகொண்டால் என்ன செய்வது? இதுதான் என் கேள்வி. அண்ணன் தம்பி வழக்கில் மூடிய கதவு எவ்வளவு கருணையுள்ளதாக இருந்தது! அதே கதவு, அடித்த புருஷனோடு அடிபட்ட மனைவியை உட்கார வைத்து, "குழந்தைகளுக்காகக் கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று சொல்லுகிற அறையின் கதவாக இருந்தால்?

நம் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் இதை நினைத்திருக்கிறார்கள். குற்றம் செய்யப் போவதாக மிரட்டிய பேச்சுக்கு இரகசியக் காப்பு இல்லை. குடும்ப வன்முறை, குழந்தைகளுக்கு இழைக்கும் கொடுமை பற்றிய செய்திக்கு இல்லை. பொது ஜனங்களின் உயிருக்கும் சுகாதாரத்துக்கும் உடனடி ஆபத்தைக் காட்டும் பேச்சுக்கும் இல்லை. மத்தியஸ்தரே முறை தவறினார் என்று நிரூபிக்க வேண்டுமானாலும் உள்ளே நடந்ததை எடுத்துச் சொல்லலாம். இவை நல்ல வாசல்கள். ஆனால் முடிந்த ராஜியை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போவதற்கு அந்தச் சட்டம் சொல்லும் காரணங்கள் வஞ்சகம், ஊழல், ஆள்மாறாட்டம், மத்தியஸ்தத்துக்கே ஏற்காத தகராறு என்று நான்குதான். நெருக்கிக் கையெழுத்து வாங்குவது என்பது அந்தப் பட்டியலில் தனியாக இடம் பெறவில்லை. சட்டத்தின் சில பிரிவுகள் மட்டும் 2023 அக்டோபர் 9-ஆம் தேதி முதலில் அமலுக்கு வந்தன. இந்த ஓர் இடத்தை அனுபவம்தான் அடைக்க வேண்டும்.

இந்த மூன்று வழக்குகளையும் கண்ணன் கதையையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த அறையில் ஒருவருக்கு மௌனம் காக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது? அதிகாரத்தைத் துறந்ததிலிருந்து வருகிறது. மத்தியஸ்தர் தீர்ப்பைத் துறந்தார்; ஆகவே அவர் சொல்லாமல் இருக்கலாம். வக்கீல் அங்கே ஆணையிடுவதைத் துறந்து ஆலோசனை சொல்பவராக இருந்தார். ஆகவே அவருடைய பேச்சுக்கும் காப்பு உண்டு. இவர்களில் எவராவது தம் இடத்தை மீறி, பயத்தையோ பசியையோ நள்ளிரவையோ கருவியாகப் பிடித்து மற்றவரின் கையைக் கையெழுத்தை நோக்கித் தள்ளினால், அந்தக் கணமே அவர் துறந்த அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டவர் ஆகிறார். உள்ளே அதிகாரம் செலுத்தியவர் வெளியே மௌனத்தின் நிழலில் நிற்க உரிமை இல்லை. அடைக்கல தர்மம் பொருளை வைத்தவனுக்காக ஏற்பட்டது. அதைப் பறித்தவனுக்காக அன்று.

இதனால், அமெரிக்க அப்பீல் கோர்ட்டு கம்பெனியின் சாட்சியை மறுத்ததையும் சரி என்கிறேன். இங்கிலாந்து நீதிபதி மத்தியஸ்தரை அழைத்ததையும் சரி என்கிறேன். முன்னதில் கேள்வி, என்ன பேசினார்கள் என்பது. பின்னதில் கேள்வி, பேசவிட்டார்களா என்பது. முதற் கேள்விக்கு அறை ஊமையாக இருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு ஊமையாக இருந்தால், அது அறை அன்று, பொறி.

நம்மில் பெரும்பாலோர் கோர்ட்டுப் படி ஏறாமலே காலத்தைக் கழித்துவிட விரும்புகிறவர்கள். ஆனால் வீடு என்று ஒன்றும், உடன்பிறப்பு என்று சிலரும் இருக்கிற வரையில் எவரும் ஒரு நாள் அந்த மேஜையின் முன்னால் உட்கார நேரலாம். உட்காரும்போது பயப்பட வேண்டியதில்லை. மனத்தில் உள்ளதைச் சொல்லலாம். சொல்லுவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது: "எனக்குச் சம்மதமில்லை என்றால் நான் எழுந்து போகலாமா?" தயங்காமல் "போகலாம்" என்ற பதில் வருகிற அறையில்தான் சொல்லை நம்பி வைக்கலாம்.

கதவு மூடியிருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு. வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்காதபடி அந்தக் கதவு மூடியிருக்கட்டும். என்னைப் போன்ற கதை எழுதுகிறவர்களுக்கும் சேர்த்தே மூடியிருக்கட்டும். உள்ளே இருப்பவர் கை வைத்தால் மட்டும் எந்த நேரத்திலும் அது திறந்துகொள்ள வேண்டும்.